ஹாரன் அக்காவின் ஒரு வாரச் சாப்பாடு

ஓய்வு நாள் என்றால் மனுஷி தூங்குவாள், துணி ஊறவைப்பாள், குறைந்தபட்சம் காலை நீட்டி உட்கார்ந்து யாரையாவது திட்டுவாள். ஹாரன் அக்கா காலிஃபிளவர் துருவிக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு வேளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. துருவி, ஆவியில் காட்டி, துணியில் கட்டிப் பிழிந்து வைத்தால் சோறு மாதிரியே இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். சோறு மாதிரி இருந்ததா என்று யாரும் திரும்ப வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் துருவியாலேயே ஒன்று போட்டிருப்பாள்.

அவள் பஸ் ஓட்டுகிறவள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கிளம்பி, சந்தையைச் சுற்றி, பாலம் ஏறி, துறைமுகத்தில் இறக்கிவிடுகிற வண்டி. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை ஹாரனில் என்று டிப்போவில் பேச்சு. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். “அதென்ன பின்னாடி? முன்னாடி வந்து கூப்பிடு” என்று ஒருநாள் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று கேட்டாள். அன்றிலிருந்து மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் ஹாரன் அக்காதான்.

அந்த டிரைவர் சீட் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். பெரிய வண்டி பொம்பளைக்குச் சரிப்படாது என்றார்கள். அவள் யார் யார் முன்னாலோ போய் நின்றாள், கெஞ்சினாள், கத்தினாள், கடைசியில் ஓட்டிக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவளை அவளுடைய வயிறே காலை வாரிவிட்டது.

சொல்ல வெட்கம்தான், ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது. திடீரென்று வயிறு கலக்கும். அடுத்த நிறுத்தம் வரை பொறு என்றால் பொறுக்காது. முதல் தடவை ஒரு பெட்ரோல் பங்க் அருகே பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடினாள். இரண்டாவது தடவை ஒரு பல் டாக்டரின் அறைக்குள் புகுந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்த நோயாளியைத் தாண்டி உள்ளே ஓடினாள். பஸ்ஸிலிருந்த ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தான். டிப்போவில் பார்க்காதவர் இல்லை.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“ஏம்மா, உங்களுக்கு வயிறு சரியில்லைன்னா எனக்குப் புரியுது. நடு ரோட்டுல நிக்கிற பஸ்ஸுல இருக்கறவங்களுக்குப் புரியாது. இன்னொரு தடவை நடந்தா ஸ்டியரிங்கைத் தொட முடியாது, சொல்லிட்டேன். பஸ் கழுவுற ஷெட்டுக்குப் போயிடுங்க. அங்க கக்கூஸும் பக்கம்” என்றார்.

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் என்றாள் டாக்டரம்மா. குடல் ஆறுகிறவரை கோதுமை மட்டுமில்லை, அரிசி, சோளம் என்று எந்தத் தானியமும் வாயில் படக்கூடாது. “சிட்டிகை மாவு உள்ள போனாலும் காட்டிக் கொடுத்துடும். கடையில விக்கிற மசாலாப் பொடி எதையும் வாங்காதீங்க, அதுல மாவு கலந்திருப்பாங்க. வீட்டுல அரைச்சதா மட்டும் பாத்துச் சாப்பிடுங்க.”

டிப்போ சாப்பாட்டு அறையில் ரொட்டி, சோறு, நூடுல்ஸ் தவிர வேறெதுவும் கிடைக்காது. அவள் வண்டி எடுப்பதோ விடிவதற்கு முன்னால். ஆக, ஓய்வு நாளில் மொத்தமாகச் சமைத்து டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கிவிட வேண்டும். வேறு வழியில்லை.

இங்கேதான் சண்டை தொடங்கியது. அந்த வீட்டுச் சமையலறை அவளுடையது அல்ல. அவள் கணவர் தையல்காரர். வாசல் அறையில் மெஷின் போட்டு, ஊரார் கால்சட்டைகளை நீளம் குறைத்துக் கொடுக்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் சமையல். நன்றாகவும் சமைப்பார், பொய் சொல்லக்கூடாது. அவர் கையால் அரைக்கிற ஒரு சிவப்புப் பொடி இருந்தது. எதில் போட்டாலும் குழம்பு திரண்டு, மணத்து, தட்டை வழிக்க வைக்கும். கதவைச் சாத்திக்கொண்டுதான் வறுப்பார், அரைப்பார். என்ன சேர்க்கிறார் என்று கூடப்பிறந்த அக்காவுக்குக்கூடச் சொன்னதில்லை. “அது என்னோட போகட்டும்” என்பார்.

மேலாளரிடமும் டாக்டரம்மாவிடமும் போய்விட்டு அவள் வீடு வந்த அன்று, அந்த அக்கா கூடத்தில் உட்கார்ந்து தம்பியின் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தையல்காரர் விவரத்தைக் கேட்டுக்கொண்டார். “எது எது கூடாதுன்னு சொல்லு. நானே தனியாச் செஞ்சு தரேன்” என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அவள் காதில் கழுவும் ஷெட்டும் கக்கூஸும்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. யார்மேலாவது அதைக் கொட்டியாக வேண்டும்.

“இத்தனை வருஷம் நீங்க செஞ்சு போட்டதுதானே என் குடலை ஓட்டை பண்ணியிருக்கு? போதும். இனிமே என் சாப்பாட்டுல நீங்க கையும் வைக்க வேண்டாம், வாயும் வைக்க வேண்டாம். ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

நாத்தனாரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. தையல்காரர் முகம் கறுத்தது. “பேசல. நீயா வந்து கேக்கற வரைக்கும் உன் சாப்பாட்டைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். என் அக்கா சாட்சி” என்றார்.

இரண்டும் வறட்டுப் பிடிவாதம் பிடித்த ஜென்மங்கள். முன்பு ஒருமுறை ஜன்னல் திரை எந்த நிறம் என்பதற்காக ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவர்கள். அப்போதும் மனுஷன் வேளாவேளைக்குச் சமைத்து வைத்தார், அவளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஓசைப்பட வைத்தாள். திரை இன்றுவரை வாங்கவில்லை.

முதல் ஓய்வு நாள் சமையலை ஒரு போர் என்றே சொல்லலாம். எந்தக் கத்தி எங்கே என்று தெரியாது. எந்த அடுப்பு சீக்கிரம் எரியும் என்று தெரியாது. கேட்கவும் மாட்டாள். முட்டையை அடித்து, கீரை சேர்த்து, கிண்ணங்களில் ஊற்றி வேகவைத்தாள். பூசணியையும் கோழியையும் ஒரு பானையில் போட்டாள். மீனைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டாள். காலிஃபிளவர் மலையாகக் குவிந்திருந்தது. எல்லாம் முடிந்து ருசி பார்த்தபோது உப்புச் சப்பில்லாமல் இருந்தது. கடைப் பொடிகளை எல்லாம் டாக்டரம்மா பேச்சைக் கேட்டு முதல் நாளே குப்பையில் கொட்டியாயிற்று. மேல் தட்டில் அவருடைய சிவப்பு டப்பா மட்டும் இருந்தது. வீட்டில் அரைத்தது. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தாள்.

வாசல் அறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். தையல்காரர் ஒரு கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பொடியைத் தொட்டுவிட்டாளாம், வயிறு எரிகிறதாம். நன்றாக எரியட்டும் என்று அவள் இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

டிப்போ சாப்பாட்டு அறையில் எல்லோர் டப்பாவும் சூடாக இருக்க ஓர் இரும்பு அலமாரி உண்டு. அவள் டப்பாவைத் திறந்ததும் அவள் வண்டியின் கண்டக்டர் எட்டிப் பார்த்தான். யாருக்கும் மீதி கொடுக்காததால் அவனுக்குச் சில்லறை என்று பெயர்.

“அக்கா, இது சாப்பாடா, தோட்டமா?”

“உன் மூஞ்சியை விட நல்லாத்தான் இருக்கு. தள்ளி உக்காரு.”

நன்றாகவும்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் வயிறு அடங்கவில்லை. துறைமுகத்தில் வண்டியைப் போட்டதும் ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் போட்டதும் ஓடினாள். நடுவழியில் நிற்காதது அவள் அதிர்ஷ்டம். ஒவ்வொரு சிக்னலிலும் கால் பிரேக்கில் இருக்க, மனசு கடவுளிடம் இருந்தது. இன்னொரு தடவை நடந்தால் சீட் போச்சு என்பதைத் தவிர வேறெந்த நினைப்பும் அவளுக்கு அந்த நாட்களில் இல்லை.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். முட்டையை நிறுத்தினாள். பூசணியை நிறுத்தினாள். பொருள் குறையக் குறையச் சாப்பாட்டில் ருசி வேண்டுமே என்று பொடியைக் கூட்டினாள். டாக்டரம்மாவிடம் போய்ச் சத்தம் போட்டாள். “எங்கிருந்தோ மாவு உள்ள போகுது” என்றாள் டாக்டரம்மா. “எங்க வீட்டு ஃபிரிட்ஜுல வந்து தேடிப் பாருங்க, மாவு இருந்தா என் பேரை மாத்திக்கறேன்” என்றாள் இவள். எந்தப் பெயரை என்று டாக்டரம்மா கேட்கவில்லை.

வீட்டிலோ ஏட்டிக்குப் போட்டி. ஒருநாள் சமையல் மேடையில் முழு மிளகும் சீரகமும் இரண்டு பொட்டலமாக இருந்தன. தையல்காரர்தான் வாங்கி வைத்திருந்தார். என் சமையலில் ருசி இல்லை என்று குத்திக்காட்டுகிறாரா என்று அவள் இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டாள். அடுத்த ஓய்வு நாளில் சிவப்பு டப்பாவையே காணோம். மேல் தட்டு, கீழ்த் தட்டு, கட்டிலடி எல்லாம் தேடினாள். வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டால் தோற்ற மாதிரி. தள்ளிவைத்த மிளகையே நுணுக்கிப் போட்டுச் சமைத்தாள். அந்த வாரம் மீனையும் நிறுத்தியிருந்தாள்.

வயிறு அடங்கிப்போயிற்று. வாரம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. பாலத்தில் ஏறும்போது பாட்டு முணுமுணுத்தாள். “அக்காவுக்கு உடம்பு சரியில்லை போல” என்றான் சில்லறை. மீன்தான் சனியன், கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வாரக் கடைசியில் சட்டைக்குப் பட்டன் தேடித் தையல் பெட்டியைத் திறந்தாள். நூல் கண்டுகளுக்கு அடியில் சிவப்பு டப்பா இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மெஷினின் மேல் டங்கென்று வைத்தாள்.

“திருட்டுப் புத்தி எப்ப வந்துச்சு? ஒரு கரண்டி பொடிக்கா ஒளிச்சு வைக்கறீங்க?”

தையல்காரர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். அப்புறம் மெதுவாக, “எதுக்கு ஒளிச்சேன்னு கேளு” என்றார்.

“கேக்கமாட்டேன்.”

“ஒரு தடவை கேளேன்.”

“உங்ககிட்ட நான் ஏன் கேக்கணும்? இத்தனை நாள் நீங்க பேசாம இருந்ததுல என் வயிறு நல்லாத்தான் ஆச்சு.”

சொல்லிவிட்டு டப்பாவைக் கையோடு கொண்டுபோனாள். அவர் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். நூல் ஏறவில்லை, எச்சில் தொட்டுத் தொட்டுக் கோத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஓய்வு நாள். குடல் ஆறிவிட்ட தைரியத்தில் கோழியை ஒரு பெரிய பானை வைத்தாள், பூசணியை மறுபடி சேர்த்தாள், ஒரு வாரம் பிரிந்திருந்த ருசிக்கு வட்டியும் முதலுமாக டப்பாவைத் தட்டிக் கவிழ்த்தாள். வாசல் அறையில் மெஷின் ஓடவே இல்லை.

பாலத்தில் நடந்தது. பாலத்தின் நட்டநடுவில். இரண்டு பக்கமும் தண்ணீர், முன்னும் பின்னும் வண்டிகள், ஒதுங்க ஒரு சந்து இல்லை. பிடித்துப் பார்த்தாள், நெற்றியில் வேர்த்தது, கண் இருட்டியது. வண்டியை ஓரங்கட்டக்கூட இடமில்லாமல் நிறுத்திவிட்டு, பாலத்தின் கோடியில் இருந்த காவலாளியின் அறையை நோக்கி ஓடினாள். அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. அந்த நெரிசலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் ஒன்றும் மாட்டிக்கொண்டிருந்தது. காவலாளி அறைக் கக்கூஸில் உட்கார்ந்திருந்த ஹாரன் அக்காவுக்கு அதன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

ஆம்புலன்ஸில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள். மேலாளர் இந்தத் தடவை கையை மட்டும் நீட்டினார். அவள் வண்டிச் சாவியை வைத்தாள். சில்லறை அந்தப் பக்கமே பார்க்காமல் டிக்கெட் பையைக் குடைந்துகொண்டிருந்தான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். தையல்காரர் மெஷினில் இருந்தார். அவள் சாப்பிடாத மிச்ச டப்பாவைத் திறந்து, அவர் தைத்துக்கொண்டிருந்த துணிமேலேயே வைத்தாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

“என் சீட் போச்சு. முட்டை இல்லை, மீன் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் சமைச்சேன். இதுல அப்படி என்னதான் இருக்கு?”

கேட்டுவிட்டாள். கேட்டது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. தையல்காரர் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“பொடியில பாதி கோதுமை. வறுத்து அரைச்சுச் சேர்ப்பேன். அதனாலதான் குழம்பு திரளும்.”

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“நான் போடறதைப் பாத்துக்கிட்டேதானே உக்காந்திருந்தே” என்றாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“முதல் வாரம் வேணும்னேதான் சொல்லல. என் அக்கா முன்னாடி அப்படிப் பேசினியே, பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் பயமாயிடுச்சு. மிளகு வாங்கி வச்சேன், தள்ளிவிட்டே. டப்பாவை ஒளிச்சேன், திருடன்னே. கேளு கேளுன்னு கெஞ்சினேன்.” அவர் துணிமேலிருந்த டப்பாவைத் தள்ளிவைத்தார். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.”

அவள் அழவில்லை. டப்பாவை எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டினாள், சிவப்புப் பொடியையும் கொட்டினாள். அவர் தடுக்கவில்லை.

இப்போது அவள் கழுவும் ஷெட்டில் இருக்கிறாள். ரப்பர் பூட்ஸ், ஒரு குழாய், நீளக் கம்பில் ஒரு பிரஷ். வயிறு ஒரு வம்பும் பண்ணுவதில்லை. நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை மேலாளரிடம் காட்டினாள். “ரொம்பச் சந்தோஷம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் அவளுடைய பழைய வண்டி ஷெட்டுக்கு வரும். புது டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளிப்போட்டிருக்கிறான், அவனுக்குக் கால் நீளம். அவள் வெளியே கழுவி, உள்ளே துடைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது சீட்டை முன்னால் இழுத்துவைத்துவிட்டு இறங்குவாள். காலையில் வந்து அவன் திட்டுவானாம்.

ஓய்வு நாள் சமையல் நிற்கவில்லை. ஷெட்டிலும் ஒரு வாரம் சாப்பிட வேண்டுமே. ஆனால் இப்போது சமையலறையில் தையல்காரரும் இருக்கிறார், அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. பேச்சு வார்த்தை வேறெதுவும் கிடையாது. அவள் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

“இதுல என்ன?”

“மிளகு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை.”

“இது?”

“மஞ்சள். நான் எதிர்க்க நின்னு அரைச்சு வாங்கினது.”

“இது?”

“அது உப்பும்மா.”

“உப்புல என்ன இருக்குன்னு கேட்டேன்.”

“உப்புதான் இருக்கு.”

“சத்தமாச் சொல்லு.”

அவர் சத்தமாகச் சொல்வார். அவள் ஒரு கரண்டி எடுத்துப் பானையில் போட்டுவிட்டு அடுத்த டப்பாவுக்குக் கை நீட்டுவாள்.